"வசனம் சரியில்லை" என்பதற்கு முன்: பேச்சை நம்பி எடுத்த குறும்படத்தில் கோளாறு பார்க்கும் வழி

வட சென்னையில், வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரு தம்பி குறும்படம் எடுத்திருக்கிறான். பத்து நிமிஷம், ஒரே வீடு, மூன்று பேர், முழுக்கப் பேச்சு. செல்போன்தான் கேமரா. நடித்தது சித்தியும் பக்கத்து வீட்டு அண்ணனும். "பாத்துட்டு உண்மையைச் சொல்லுங்கண்ணா" என்று உங்களுக்கு அனுப்புகிறான். பார்த்தவர்களில் சிலர் "சூப்பர் தம்பி" என்பார்கள், சிலர் "வசனத்தைக் கொஞ்சம் பாத்துக்கோ" என்பார்கள். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவனால் எதையும் திருத்த முடியாது.

வசனம் சரியில்லை என்று நமக்குத் தோன்றும் பல இடங்களில் கோளாறு வசனத்தில் இருப்பதில்லை. மைக் தூரமாக இருந்திருக்கும். எடிட்டில் வெட்டு அரை நொடி தாமதமாக விழுந்திருக்கும். பேச்சைக் கேட்கிறவரின் முகத்தைக் காட்டாமல் விட்டிருப்பார்கள். வசனத்தை மாற்றச் சொல்லிவிட்டால் அந்தப் பையன் நன்றாக இருந்த வரியை அழித்துவிட்டு, நிஜக் கோளாறை அப்படியே வைத்திருப்பான். அதனால் பார்க்கும்போது உங்களுக்கு என்ன நேர்ந்ததோ அதிலிருந்து தொடங்கி, காரணத்தைத் தேடிப் போவதுதான் சரி. கீழே இருப்பது அந்த வரிசைதான்.

## பார்க்கும் முன்

வாட்ஸ்அப்பில் வீடியோவாக வந்ததை வைத்து ஒலியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அது வீடியோவை நசுக்கித்தான் அனுப்பும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் டிரைவ் லிங்க் கேளுங்கள்.

அப்புறம், படம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். எடிட் இன்னும் நடக்கிறதா? மறுபடி எடுக்க வழி உண்டா? நடித்தவர்கள் ஊரில் இருக்கிறார்களா? கதாநாயகனாக நடித்தவர் வேலைக்குத் துபாய் போய்விட்டார் என்றால், "அந்த சீனைத் திரும்ப எடு" என்பதால் வலி மட்டும்தான் மிஞ்சும். ஆனால் வெட்டலாம், வரியை நீக்கலாம். அவர் அங்கிருந்தே போனில் பதிவு செய்து அனுப்பினால் டப்பிங்கும் செய்யலாம். எதெல்லாம் இன்னும் கைக்குள் இருக்கிறது என்று தெரிந்தால்தான் உங்கள் கருத்துக்கு வேலை உண்டு.

முதல் தடவை ஹெட்போன் போட்டு, நிறுத்தாமல், எதையும் எழுதாமல் பாருங்கள். எங்கே மனசு வெளியே போனது, எங்கே கை தானாக ஃபார்வர்டைத் தேடியது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இரண்டாவது தடவை அந்த இடங்களுக்கு நிமிஷமும் நொடியும் குறியுங்கள். "நடுவுல கொஞ்சம்" என்று சொன்னால் அவன் எங்கே போய்த் தேடுவான்? "3:40-லிருந்து 4:15 வரை" என்றால் நேராக அங்கே போய்ப் பார்ப்பான்.

## "என்ன பேசறாங்கன்னே புரியல"

எப்போதும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். காதில் விழாத வசனத்தை நல்லது என்றும் சொல்ல முடியாது, மோசம் என்றும் சொல்ல முடியாது.

ஹெட்போனில் புரிகிறது, போன் ஸ்பீக்கரில் புரியவில்லை என்றால் கோளாறு மிக்ஸிங்கில். பெரும்பாலும் பின்னணி இசைதான் காரணம். பேச்சு நடக்கும்போது இசையை நன்றாகக் கீழே இறக்கிவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். இன்னொன்றும் கேளுங்கள்: இந்த இடத்தில் இசை வேண்டுமா? இரண்டு பேர் மனம் விட்டுப் பேசும் காட்சிக்குக் கீழே வயலின் ஓடினால், அந்தப் பேச்சின் மேல் இயக்குநருக்கே நம்பிக்கை இல்லை என்று பார்ப்பவர் நினைப்பார்.

ஹெட்போனிலும் புரியவில்லை, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்றால் பதிவிலேயே கோளாறு. கேமராவாக இருந்த போனின் மைக்கையே நம்பியிருப்பார்கள். சிமென்ட் தரை, வெற்றுச் சுவர், மேலே ஷீட்டு என்றால் எதிரொலி குரலைத் தின்றுவிடும். பதிவானபின் அதை முழுசாக எடுக்க முடியாது. டப்பிங் செய்யலாம், அல்லது அதே வீட்டில் அதே ஆட்களை உட்காரவைத்து, கேமரா இல்லாமல் அந்த வரிகளை மட்டும் கிட்டத்தில் பதிந்து பொருத்தலாம். அடுத்த படத்துக்கு ஒரு வழி சொல்லிவையுங்கள்: இன்னொரு போனை ரெக்கார்டிங்கில் போட்டு, பேசுபவரின் சட்டைப்பையிலோ ஃபிரேமுக்குள் தெரியாத டம்ளருக்குப் பின்னாலோ வைத்தால் போதும். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். அறையின் எதிரொலி அந்த அளவுக்குக் கூடாது.

சண்டைக் காட்சியில் மட்டும் குரல் கரகரவென்று உடைகிறதா? கத்தும்போது ஒலி, பதிவின் உச்ச அளவான 0 டெசிபலைத் தொட்டு வெட்டுப்பட்டிருக்கிறது. அதையும் பழையபடி மீட்க முடியாது. ஆனால் அதே வரி இன்னொரு டேக்கில் உடையாமல் இருக்கலாம். பேசுபவர் முதுகைக் காட்டும் ஷாட்டில் அந்த ஒலியைப் பொருத்தினால் யாருக்கும் தெரியாது.

இனி வட சென்னைக்கே உரிய கோளாறு. பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி ஜீவா, கொருக்குப்பேட்டை பக்கம் தண்டவாளத்தை ஒட்டின வீட்டில் எடுத்திருந்தால், அம்மா பேசும் ஷாட்டில் ரயில் ஹார்ன் கேட்கும், மகன் பதில் சொல்லும் ஷாட்டில் கேட்காது. வெட்டுக்கு வெட்டு பின்னணிச் சத்தம் குதிக்கும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, "பேச்சு ஒட்டல" என்றுதான் சொல்வார். கடலோரமாக எடுத்திருந்தால் ரயிலுக்குப் பதில் காசிமேட்டுப் படகு இன்ஜின், எண்ணூர் விரைவுச் சாலையின் கன்டெய்னர் லாரி. இதற்குச் செலவில்லாத மருந்து உண்டு. அதே வீட்டுக்கு அதே நேரத்தில் போய், யாரும் பேசாமல் ஒரு நிமிஷம் அந்த அறையின் சத்தத்தை மட்டும் பதிந்து, காட்சி முழுக்க அடியில் ஓடவிட வேண்டும். ரயில் கடந்து போகும் சத்தத்தையும் தனியாகப் பதிந்து இரண்டு ஷாட்டுக்கும் குறுக்கே நீட்டிவிட்டால் அந்த ஹார்ன் அந்த வீட்டுச் சத்தமாகிவிடும். இந்தப் பக்கம் வளர்ந்தவர்கள் ரயில் போகும்போது குரலை உயர்த்துவார்கள், இல்லை பாதியில் நிறுத்திக் காத்திருப்பார்கள். நடிகர்கள் இயல்பாகவே அப்படி நிறுத்தின ஒரு டேக் ஃபுட்டேஜில் இருந்தால் அதைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். அது தங்கம்.

உதடும் குரலும் பொருந்தாவிட்டால் ஒன்றைக் கவனியுங்கள். ஆரம்பத்திலிருந்தே ஒரே அளவு தள்ளியிருந்தால் ஒலியை நகர்த்தினால் சரி. போகப்போக விலகிக்கொண்டே போனால், பெரும்பாலும் போன் ஏறி இறங்கும் ஃபிரேம் ரேட்டில் (நொடிக்கு இத்தனை படம் என்ற கணக்கில்) எடுத்திருக்கும். ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் ஒரே சீரான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு மறுபடி பொருத்த வேண்டும்.

## "லேக்கா இருக்கு"

அதிகம் சொல்லப்படுவது இதுதான். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். கேட்டவுடன் அந்தப் பையன் வசனத்தைக் குறைப்பான். குறைக்கும் முன் இரண்டு சோதனை செய்யுங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேளுங்கள். பிறகு ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். கண்ணை மூடியே முழுக்கதையும் புரிந்து, படத்தை மட்டும் பார்த்தால் எதுவுமே தெரியவில்லை என்றால், காட்சிகள் எந்த வேலையும் செய்யவில்லை. ஒலி இல்லாமலே "இப்ப அம்மா கை ஓங்கியிருக்கு, இப்ப பையன் விட்டுக்கொடுத்துட்டான்" என்று தெரிந்தால் படம் உயிரோடு இருக்கிறது, கோளாறு வேகத்தில் மட்டும்.

வேகத்தில் முதலில் பார்க்க வேண்டியது, பேச்சுக்கு நடுவே உள்ள இடைவெளி. புதிதாக நடிப்பவர்கள் எதிராளி முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்து, ஒரு மூச்சு விட்டு, அப்புறம்தான் தங்கள் வரியைச் சொல்வார்கள். நம் வீடுகளில் அப்படியா பேசுகிறோம்? அண்ணன் பாதி சொல்லும்போதே தங்கச்சி ஆரம்பித்துவிடுவாள். ஒரு வரியைக்கூட நீக்காமல், இந்த இடைவெளிகளை மட்டும் எடிட்டில் இறுக்கினாலே காட்சி நிமிர்ந்து உட்காரும். பதில் வரியின் ஒலியை, பேசுபவர் முகம் வரும் முன்பே, கேட்பவர் முகத்தின் மேல் தொடங்கவிடுவது இதற்கு நல்ல வழி.

இரண்டாவது, பேசுகிறவரையே காட்டிக்கொண்டிருப்பது. அவர் பேசினால் அவர், இவர் பேசினால் இவர். அப்பா "வீட்டை வித்துட்டேன்" என்று சொல்லும்போது நான் பார்க்க விரும்புவது அப்பாவை இல்லை, சொல்லைக் கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாவை. பேச்சை நம்பி எடுக்கிற படத்தில் பாதி நடிப்பு கேட்பதில்தான் இருக்கிறது. "அந்த ஷாட் எடுக்கலையேண்ணா" என்பான். ஒவ்வொரு டேக்கிலும் ஆக்ஷன் சொல்லும் முன்னும் கட் சொன்ன பின்னும் உள்ள சில நொடிகளைத் தேடச் சொல்லுங்கள். நடிகர்கள் அடுத்த வரியை நினைத்துக்கொண்டோ சும்மாவோ நிற்கும் முகங்கள் அங்கே கிடைக்கும். பல படங்கள் அந்தத் துண்டுகளால் பிழைத்திருக்கின்றன.

மூன்றாவது, தொடக்கம். "வா மச்சி, எப்ப வந்த, உக்காரு, டீ சொல்லட்டா" என்று ஒரு நிமிஷம் போகும். படத்தின் முதல் கேள்வி எந்த வரியில் எழுகிறது என்று பார்த்து, "எனக்குப் படம் 1:20-ல ஆரம்பிச்சுது" என்று மட்டும் சொல்லுங்கள். வெட்டுவதா வேண்டாமா என்று அவன் முடிவு செய்யட்டும்.

இத்தனையும் பார்த்த பிறகும் இழுத்தால், அப்போதுதான் வசனம் நீளம்.

## "நாடகம் மாதிரி இருக்கு"

இந்த ஒரே புகாருக்கு மூன்று காரணம் இருக்கலாம், மருந்தும் மூன்று. உறுத்தின வரியை நீங்களே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாக்கு தடுக்கினால் கோளாறு வரியில். எழுத்துத் தமிழ் ஒட்டிக்கொண்டிருக்கும். இல்லை, ஒரே மூச்சில் மூன்று எண்ணத்தைத் திணித்திருப்பார்கள். வாயில் சுலபமாக வந்தால் கோளாறு நடிப்பில் இருக்கலாம். நடிகரின் கண் மேலே போய் மனப்பாடத்தைத் தேடுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் வேறு டேக் உண்டா என்று கேளுங்கள். வரியும் சரி, முகமும் சரி, ஆனாலும் ஒட்டவில்லை என்றால் டப்பிங். மொட்டை மாடியில் நிற்கிறவரின் குரல் போர்வைக்குள் உட்கார்ந்து பேசியதுபோல வந்தால் எந்த நல்ல வரியும் பொய்யாகத்தான் கேட்கும். குரலைச் சற்று இறக்கி, மாடியின் சத்தத்தை அடியில் சேர்த்தால் பெரும்பாலும் தீரும்.

எல்லாப் பாத்திரமும் ஒரே மாதிரி பேசுகிறது என்று பட்டால் ஸ்கிரிப்டைக் கேட்டு வாங்கி, பெயர்களை மறைத்துவிட்டுப் படியுங்கள். யார் பேசுகிறார் என்று தெரியாத இடங்களைக் குறித்துக் கொடுத்தால் போதும்.

## "தெரிஞ்சவங்ககிட்டயே தெரிஞ்சதைச் சொல்றாங்க"

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் நல்ல நோக்கத்தோடு எடுத்த படங்களில்தான் இது அதிகம். எண்ணூரைப் பற்றி ஒரு பையன் படம் எடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். முகத்துவாரத்தில் இறால் பிடிக்கும் இரண்டு அண்ணன் தம்பி. அண்ணன் சொல்கிறான்: "2017 ஜனவரில ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டுச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மறுபடியும் எண்ணெய் வந்துச்சு. நம்ம வாழ்க்கையே போச்சுடா." அத்தனையும் உண்மை. ஆனால் அந்தத் தம்பியும் அதே தண்ணீரில்தான் நின்றான், அவனுக்கு அண்ணன் ஏன் தேதி சொல்ல வேண்டும்? அண்ணன் பேசவில்லை, அண்ணன் வாயால் இயக்குநர் நம்மிடம் பேசுகிறார்.

இங்கே "தகவலைக் குறை" என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். அந்தத் தகவல்தான் அவனை இந்தப் படத்தை எடுக்க வைத்தது. பதிலாக, அந்த இருவருக்குள் இதனால் என்ன தகராறு என்று கேளுங்கள். கறுத்துப்போன வலையைத் தூக்கிப்போடுவதா, மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பதா? பிடித்த நண்டை எண்ணூர் நண்டு என்று சொல்லி விற்பதா, ஊரை மறைத்து விற்பதா? அண்ணன் ஒன்று சொல்லி, தம்பி மறுத்தால், தேதி ஒன்றுகூடச் சொல்லாமல் நமக்கு எல்லாம் தெரிந்துவிடும். ஆண்டைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் தொடக்கத்தில் ஒரு வரி எழுத்தாகப் போடலாம். கேள்வியை மட்டும் கொடுங்கள், வசனத்தை நீங்கள் எழுதித் தராதீர்கள். நீங்கள் எழுதின வரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது அந்தப் படத்தில் அந்நியமாகத்தான் நிற்கும்.

## "நம்ம ஏரியா பேச்சு மாதிரி இல்லையே"

தெற்கே இருப்பவர்கள் "ஸ்லாங் செம" என்று பாராட்டுகிற அதே இடத்தில் ராயபுரத்துக்காரர் முகம் சுளிப்பார். ராயபுரத்துக்காரரை நம்புங்கள்.

முதலில் பாருங்கள்: எல்லா வரியிலும் "இன்னா", "கீது", "சொல்லிகினு" ஏறியிருக்கிறதா? இங்கே யாரும் நாள் முழுக்க ஒரே பேச்சு பேசுவதில்லை. தெருமுனையில் கேரம் ஆடும்போது ஒரு பேச்சு, அம்மாவிடம் ஒரு பேச்சு, பேங்க் கவுன்டரில் ஒரு பேச்சு. அதே பையன் மூன்று இடத்திலும் ஒரே அளவில் பேசினால் அது பாத்திரம் இல்லை, பாவனை. அம்மாவிடம் பேசும் காட்சியில் அதைத் தணிக்கச் சொன்னால், நண்பர்கள் காட்சியில் அது தானாக உயிர் பெறும்.

அடுத்தது, வட சென்னை ஒரே ஊர் இல்லை. காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர் பேசுவதும் பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர் பேசுவதும் ஒன்றாகாது. வண்ணாரப்பேட்டையில் ஒரே தெருவில் தமிழோடு தெலுங்கும் உருதும் கேட்கும். எந்தத் தெரு, என்ன வயசு, என்ன தொழில் என்று கேட்டு, அதே தெருவில் அதே தொழிலில் இருக்கும் ஒருவருக்குப் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். அவர் சொல்லைத் திருத்துவதோடு நிற்கமாட்டார். மே மாதம் நடக்கும் கதையில் "நாளைக்கு லாஞ்சி ஏறணும்" என்று ஒரு வரி வந்தால் உடனே பிடிப்பார், ஏனென்றால் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்தத் தடைக்காலமே, வீட்டில் இருக்கும் அப்பா, கையில் காசில்லாத இரண்டு மாசம் என்று, படத்துக்கு வேண்டிய பதற்றத்தைக் கொடுத்துவிடக்கூடும்.

கத்தியையும் பற்றி ஒரு வார்த்தை. கதைக்கு வேண்டும் என்றால் இருக்கட்டும். ஆனால் வட சென்னை என்று காட்டுவதற்காக மட்டுமே நுழைந்தால் அதை நேராகச் சொல்லுங்கள். இந்தப் பிள்ளைகளின் வீட்டில் மில் வேலை போன தாத்தா இருக்கிறார், கால்பந்து ஆடும் அக்கா இருக்கிறாள், அதிகாலையில் ஏலத்துக்குப் போகும் அத்தை இருக்கிறார். அவர்கள் வாயிலிருந்து வரும் பேச்சை இவர்களைவிட நன்றாக எழுத யாராலும் முடியாது. அதை இந்தப் பிள்ளைகளிடம் சொல்ல ஆள் வேண்டும்.

## "முடிவு ஒட்டல"

பெரும்பாலும் கடைசி வரி தேவையில்லாமல் இருக்கும். அதை மட்டும் நீக்கிவிட்டு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முந்தின முகத்திலேயே படம் முடிந்திருக்கும்.

## சொல்லும்போது வருகிற கோளாறுகள்

மொட்டை மாடியில் திரை கட்டிப் போட்டுக்காட்டினார்கள், முடிந்ததும் யாரும் வாய் திறக்கவில்லை. "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் பதில் வராது. "அந்த அக்கா ஏன் பணம் தர மறுத்தாங்க?" என்று கேளுங்கள். நாலு பேர் நாலு காரணம் சொன்னால் படத்தில் அது தெளிவாக இல்லை. அதுவே இயக்குநருக்குப் போதுமான தகவல், யாரும் குறை சொன்னதாகவும் ஆகாது.

இயக்குநர் "அது ஏன்னாண்ணா..." என்று விளக்க ஆரம்பித்தால் மறிக்காமல் கேளுங்கள். அவன் விளக்கத்தில் படத்தில் இல்லாத ஒரு நல்ல விஷயம் இருக்கும். "இது அருமையா இருக்கு தம்பி, படத்துல எந்த எடத்துல வெச்சிருக்க?" என்று கேட்டால் அவனே கண்டுபிடிப்பான்.

நடித்தவர்கள் கூட்டத்தில் இருக்கும்போது நடிப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். சித்தி அவனுக்காகத்தான் கேமரா முன் நின்றார். அவர் காதுபட "அந்தம்மா நடிப்பு வரல" என்றால் அடுத்த படத்துக்கு வரமாட்டார், அவனுக்கு வேறு நடிகையும் கிடையாது. டேக் மாற்ற வேண்டிய இடங்களைத் தனியாகச் சொல்லுங்கள்.

நன்றாக இருந்ததையும் அதே துல்லியத்தோடு சொல்ல வேண்டும். "5:10-ல அம்மா பதில் சொல்லாம அடுப்பை அணைச்சாங்க பாரு, அங்க எனக்குத் தொண்டை அடைச்சுது" என்று சொல்லாவிட்டால், அடுத்த எடிட்டில் நீளம் குறைக்கிறேன் என்று அதையே வெட்டிவிடுவான். உங்கள் பட்டியலில் இருபது குறை இருந்தாலும் காதில் விழாதது, புரியாதது, இழுப்பது என்ற வரிசையில் முதல் மூன்றை மட்டும் கொடுங்கள். அவை சரியானால் மற்றவற்றில் சில தானாகக் காணாமல் போயிருக்கும்.

## புது கட் வந்தால்

உங்களுக்கு இப்போது வசனம் மனப்பாடம். காதில் விழாத வரியும் உங்களுக்கு விழும். அதனால் படத்தை இதுவரை பார்க்காத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போடுங்கள். திரையைப் பார்க்காமல் அவரைப் பாருங்கள். பழைய 3:40-ல் அவர் போனை எடுக்கிறாரா, முன்னால் சாய்கிறாரா என்று குறித்துக்கொண்டு, அன்றைக்கே தம்பிக்கு அனுப்பிவிடுங்கள்.